கிணற்றுத் தெரு கோப்பின் முதல் வரி

1. மோர்

ஹெல்த் இன்ஸ்பெக்டராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கிடைத்த முதல் பாடம் கொசுவைப் பற்றியதோ சாக்கடையைப் பற்றியதோ அல்ல. மோரைப் பற்றியது.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சின்ன நகராட்சி அது. பெயர் வேண்டாம். இன்று அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் நான் சொல்லப்போவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எழுபதுகளின் தொடக்கம். ஆபீசுக்குள்ளே மலையாளம், வாசலைத் தாண்டினால் கோயமுத்தூர்ப் பக்கத்துத் தமிழ். எங்கள் ஹெட் கிளார்க் ராமநாதன் சார் பாலக்காடு கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுவார். என்னை நிறுத்தி வைத்து விசாரித்தார்.

"வேலுச்சாமி, நீ எந்த ஊர்?"

"நல்லேப்பிள்ளிங்க சார். பக்கந்தான்."

"அப்போ இந்த ஊர்ல பாதிப்பேர் உனக்கு மாமன் மச்சானாக்கும். கஷ்டந்தான் போ."

ஊரை இரண்டு சர்க்கிளாகப் பிரித்து, கிழக்கை எனக்குக் கொடுத்திருந்தார்கள். கோப்பில் குறிப்பெழுதும் நோட்ஷீட் ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டார். "நன்னாக் கேட்டுக்கோ. எந்தக் கோப்பு வந்தாலும் மொத வரி நான் சொல்றபடி எழுதணும். இந்தக் கோப்புல வர்றவா எனக்கு உறவு, இல்லேன்னா உறவில்லே. உறவுன்னு எழுதினா அதோட பேனாவை மூடி வெச்சுடு. மேற்கு சர்க்கிள் இன்ஸ்பெக்டர் போய்ப் பார்த்துப்பார். அவர் உறவுக்காராளோட கோப்பு உங்கிட்ட வரும். புரிஞ்சுதோ?"

இளரத்தம். விளையாட்டாக ஒரு கேள்வி கேட்டேன். "சார், வெயில்ல போறப்ப லைசென்ஸ்காரங்க ஊட்டுல மோர் குடுத்தா குடிக்கலாங்களா?"

"குடியேன். யாராத்து மோர்னு எங்கிட்ட சொல்லிட்டுக் குடி. சொல்றதுக்கு நாக்குக் கூசினா அந்த மோரைத் தொடாதே."

ஆபீசில் எல்லாரும் சிரித்தோம். இந்த முதல் வரி சட்டப் புத்தகத்தில் இல்லை, அவராகக் கொண்டுவந்தது. நடத்தை விதிகளை அச்சடித்து ஒவ்வொருவருக்கும் கொடுத்திருந்தார்கள். நான் அதை மேசை டிராயரில் அடியில் போட்டு அதன்மேல் பிளீச்சிங் பவுடர் ரசீதுகளை அடுக்கினேன். ஆனால் முதல் வரியை மட்டும் மூன்று வருஷம் ஒழுங்காக எழுதினேன். ஒருமுறை என் பெரியப்பா மகன் டீக்கடைக் கோப்பு வந்தபோது, "உறவு" என்று எழுதிப் பேனாவை மூடினேன். அவன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அப்போது எனக்குள் கொஞ்சம் கர்வம்கூட வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

2. ஆனிக் கடைசியில் கேட்ட பூ

நாலாவது வருஷம் என் தங்கை சரோஜாவுக்கு ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து, என் சர்க்கிளுக்குள்ளேயே கிணற்றுத் தெருவில் நெல் ஆலை வைத்திருந்தவர். நல்ல மனிதர், அதிர்ந்து பேசாதவர்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு வீட்டாரும் கோயிலுக்குப் போய்ச் சாமிமேல் பூ வைத்து வாக்குக் கேட்பார்கள். பூ வலப்பக்கம் விழுந்தால் அந்த இடம் அமைந்த மாதிரி. பிறகு ஒரு நல்ல நாளில் ஊரைக் கூட்டி வெற்றிலை மாற்றி நிச்சயம் செய்வார்கள். எங்களுக்கு ஆனிக் கடைசியில் பூ வலப்பக்கம் விழுந்தது. இரண்டே நாளில் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நல்ல காரியம் பேச மாட்டோம். நிச்சயம் ஆவணிக்குத் தள்ளிப்போயிற்று.

"ஆடி போற வரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு உடப்படாது. கண்ணு பட்டுப்போயிரும்" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாச்சிமுத்துவும் அதையே சொன்னார். ஆக, அந்த ஒரு மாதம் அவர் எங்களுக்குச் சம்பந்தியும்தான், சம்பந்தி இல்லைதான்.

ஆடி முதல் வாரம் கிணற்றுத் தெருவிலிருந்து ஒரு புகார் வந்தது. முதல் கைநாட்டு, சந்தையில் கீரை விற்கும் பாப்பாத்தி அக்காவுடையது. ஆலையில் நெல் ஊறவைக்கும் தண்ணீர் வாய்க்காலில் வந்து தெருக்கிணற்றில் கசிகிறது, தண்ணீர் நாறுகிறது, பிள்ளைகளுக்கு வயிறு போகிறது, ஆலையின் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். நெல் ஆலை மாதிரி அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு தரக்கூடிய தொழில்களுக்கு நகராட்சி கொடுக்கும் லைசென்ஸுக்கு டி அண்டு ஓ லைசென்ஸ் என்று பெயர். அதற்கு ஹெல்த் இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட் வேண்டும். கோப்பு என் மேசைக்கு வந்தது.

அன்று சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். பரிமாறிக்கொண்டிருந்த சரோஜா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, அந்த மில்லுக்கு நீங்களேவா போறீங்க?"

"எஞ்சர்க்கிள் அம்மிணி. நாம் போகாம வேற யாரு போவா?"

"அவிய நமக்குச் சம்பந்தி ஆகறவியளாச்சுங்களே."

"ஆகறப்ப பாத்துக்கலாம். இன்னும் வெத்தலை மாத்தல."

"ஊட்டுக்குள்ள பேசுனா உறவு, ஆபீசுல கேட்டா உறவில்லீங்களா?"

"சோத்தைப் போடு" என்று அதட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்தபடி சோற்றைப் போட்டாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். "உறவு" என்று எழுதினால் ஆபீசில் என்ன உறவு என்று கேட்பார்கள், சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும், அப்பா குதிப்பார் என்ற பயம் ஒன்று. நான் நேர்மையானவன், யாருக்கும் வளைய மாட்டேன், பிறகென்ன என்ற நினைப்பு இன்னொன்று. இரண்டில் பின்னதுதான் பெரிது. நோட்ஷீட்டை எடுத்து முதல் வரி எழுதினேன். "இந்தக் கோப்பில் வருகிறவர்கள் யாரும் எனக்கு உறவில்லை."

3. பச்சைச் சாயம்

ஆலைக்குப் போனேன். நாச்சிமுத்து வாசலுக்கு வந்து, "வாங்க" என்றவர், அடுத்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, "இன்ஸ்பெக்டருங்க" என்றார். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் அதுவே பெரிய நேர்மையாகத் தெரிந்தது.

ஊறல் தண்ணீர் கருத்து, புளித்த நாற்றத்தோடு வாய்க்காலில் ஓடியது. கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி வாய்க்கால். யார் பார்த்தாலும் ஆலையைத்தான் கை காட்டுவார்கள். ஆனால் டிரெயினிங்கில் எங்களுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சந்தேகப்படும் இடத்தில் சாயம் ஊற்று, கிணற்றில் அந்த நிறம் வருகிறதா பார், அதற்குப் பிறகு எழுது. அந்தச் சாயத்தூள் கொஞ்சம் என்னிடம் பொட்டலமாக இருந்தது. ஜனங்கள் மிரளுவார்களே என்று விடியும் முன்பே தனியாகப் போய் வாய்க்காலில் கரைத்து ஊற்றினேன். நாலு நாள் மழையும் பெய்தது. கிணற்றில் நிறம் வரவில்லை.

அப்போதுதான் கிணற்றுக்குத் தெற்கே மேட்டைப் பார்த்தேன். மதிலுக்குப் பின்னால் எங்கள் நகராட்சியின் பொதுக் கக்கூஸ். அதன் குழி பழசு, சிமெண்ட் பூச்சு விட்டுப்போனது. மீதிச் சாயத்தை முழுக்க அதில் ஊற்றினேன். மூன்றாம் நாள் காலை கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, வெள்ளைக் காகிதத்தின் முன்னால் பிடித்தேன். இளம்பச்சை.  இந்தத் தண்ணீரைத்தான் ஒரு தெருவே குடித்துக்கொண்டிருந்தது.

அன்றே ரிப்போர்ட் எழுதினேன். காரணம் ஆலை அல்ல, நம் கக்கூஸ் குழி. கிணற்றை உடனே மூட வேண்டும். கக்கூஸையும் மூட வேண்டும். ஆலை வாய்க்காலுக்குச் சிமெண்ட் போடச் சொல்லலாம், ஆனால் அதை மூடுவதால் பயனில்லை. தண்ணீர் சாம்பிளை லேபுக்கு அனுப்பினேன். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். என் முப்பது வருஷ சர்வீஸில் அதைவிடச் சரியான ரிப்போர்ட் நான் எழுதியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

4. கிணற்றடியில்

கமிஷனர் தென்கேரளத்துக்காரர், கறாரானவர். சொந்த நகராட்சியையே குற்றம் சொல்லும் ரிப்போர்ட் ஆயிற்றே, நேரில் பார்க்கலாம் என்று கிணற்றுத் தெருவுக்கே வந்துவிட்டார். தெரு ஜனம் கிணற்றைச் சுற்றி நின்றது. ராமநாதன் சார் ரிப்போர்ட்டைத் தமிழில் எடுத்துச் சொன்னார். முடிக்கும்வரை காத்திருந்து பாப்பாத்தி அக்கா முன்னால் வந்தார்.

"ஏனுங்க கமிஷனரய்யா, இந்தத் தம்பியோட தங்கச்சிய அந்த மில்லுக்காரரு பையனுக்குத்தானுங்க குடுக்கறாங்க. எந்தம்பிதான் கோயில்ல பூக்கட்டறவன். அவன் கட்டுன பூவுலதான் இவிய வாக்குக் கேட்டாங்க. இல்லையான்னு கேட்டுப் பாருங்க."

கமிஷனர் என் பக்கம் திரும்பினார். "வேலுச்சாமி, இது சரியாணோ?"

"இன்னும் நிச்சயம் ஆகலைங்க சார்" என்றேன்.

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்ததுமே எல்லாம் போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன். கூட்டத்தில் ஒருவர், "விடியறதுக்கு முன்னாலயே தனியா வந்து என்னமோ ஊத்துனானுங்க, நாம் பாத்தேன்" என்றார். "அந்தச் சாயத்தைக் கெணத்துக்குள்ளயே கொட்டீட்டு, கக்கூஸ் மேல பழி போடறான்" என்றார் இன்னொருவர். யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. ஒருவரையும் நான் கூட்டிப் போகவில்லையே.

அன்றைக்கே ஆலைக்குப் பூட்டு விழுந்தது. மேற்கு சர்க்கிள் இன்ஸ்பெக்டர் கோப்பை எடுத்தார். கிணற்றை மூடி, இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டார். மழையில் புதிதாக ஊறிய தண்ணீர் தெளிந்து நின்றது. "மில்லைச் சாத்துனதும் தண்ணி பாலாட்டம் ஆயிருச்சு" என்று தெருவே பேசிக்கொண்டது. அவரிடம் சாயத்தூள் இல்லை, நான் ஊற்றித் தீர்த்துவிட்டேன். நாலாம் நாள் கிணற்றைத் திறந்துவிட்டார்கள். கக்கூஸ் மூடப்படவில்லை.

ராமநாதன் சாரிடம் போய்க் கெஞ்சினேன். "சார், எங்கிருந்தாவது சாயம் வரவழைச்சு, நீங்களே ஊத்திப் பாருங்க சார். அந்தத் தண்ணியக் குடிக்கறாங்க."

அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "நீ எழுதினது நிஜமாவே இருக்கலாண்டா. கமிஷனர்ட்ட நானும் பேசிப் பார்த்துட்டேன். மொத வரியே இப்படி இருக்கறச்சே மிச்சத்தை எப்படி நம்பறதுன்னு கேக்கறார். நான் என்ன பதில் சொல்ல?"

"அது பொய்யில்லீங்க சார். நிச்சயம் ஆகலைங்களே."

"அப்போ அது உண்மையோ?"

 இனி அந்தக் கோப்பைப் பற்றி நான் பேசக்கூடாது என்று கமிஷனர் எழுத்தில் உத்தரவு போட்டுவிட்டார். நியாயமான உத்தரவு.

இருந்தும் மனசு கேட்காமல் ஒருநாள் பாப்பாத்தி அக்கா வீட்டுக்குப் போனேன். கொல்லங்கோட்டில் கட்டிக்கொடுத்திருந்த மகள் தேவி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டு மாசம். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, என்னைய நம்ப வேண்டாம். தண்ணியக் காச்சி மட்டும் குடிங்க."

"என்னத்த வெச்சுக் காச்சறதுங்க? மில்லு உமிதான் இந்தத் தெருவுக்கே அடுப்பெரிக்க. அதைத்தான் சாத்தியாச்சே. மில்லு தொறந்தா உங்களுக்கு நல்லதுங்க, இல்லீங்களா?"

"காச்சித்தான் குடிப்பமேம்மா, அதுக்கென்ன" என்றாள் தேவி.

"இவரு சொன்னாருன்னா?" என்று கேட்டுவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார். தேவி என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள்.

கடைவீதி வந்ததும் விறகுக்கடை முன்னால் நின்றேன். ஒரு வண்டி விறகு வாங்கி அந்தத் தெருவில் இறக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆலைக்காரன் சார்பில் லஞ்சம் கொடுக்கிறான் என்பார்களே என்று அடுத்த நிமிஷமே பயம் வந்தது. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அந்த விறகுக்கடை வாசல் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

5. ஆவணி

ஆவணி பாதியில் கிணற்றுத் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கண் மஞ்சளாயிற்று. மஞ்சள் காமாலை. பெரும்பாலோர் படுத்து எழுந்துவிட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளை மட்டும் அந்தக் காமாலை விடாது என்று எங்களுக்குப் பாடத்திலேயே சொல்லியிருந்தார்கள். தேவியைப் பாலக்காட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் நாள் நினைவு தப்பிவிட்டது. மூன்றாம் நாள் போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையோடு.

அதே வாரம் லேப் ரிப்போர்ட் வந்தது. கிணற்றில் கலந்திருப்பது மலக்கழிவு என்று, நான் எழுதியதையே அதுவும் சொன்னது. கக்கூஸை இடித்தார்கள். கிணற்றைக் கம்பி வலை போட்டு மூடினார்கள். ஆலை திறந்தது. ராமநாதன் சார் லேப் காகிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்து நான் அழுதேன். என் ரிப்போர்ட் சரி என்று வந்த காகிதம் அது.

எனக்கு சார்ஜ் மெமோ கொடுத்தார்கள். ரிப்போர்ட் தப்பு என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. "கோப்பில் தனக்குள்ள தொடர்பை மறைத்தார்" என்பதுதான் குற்றம். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். இன்கிரிமெண்ட் நின்றது, வேறு ஊருக்கு மாற்றலும் வந்தது. அது எதுவும் எனக்குத் தண்டனையாகப் படவில்லை.

நாச்சிமுத்து ஒருமுறைதான் அதைப் பற்றிப் பேசினார். "உங்க மேல வருத்தமில்லீங்க. எனக்கும் அன்னிக்கு வாய் வரல, உங்களுக்கும் வரல. மொதல்லயே மேற்கு இன்ஸ்பெக்டருகிட்ட அந்தச் சாயப் பொட்டலத்தைக் குடுத்து அனுப்பியிருந்தீங்கன்னா, அவரு சொன்னா தெரு கேட்டிருக்கும்."

சரோஜா அந்த வருஷம் கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். மறு வைகாசியில் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார்கள். கிணற்றுத் தெரு வழியாக மேளம் கூடாது என்று அவள்தான் சொன்னாள்.

மாற்றலாகிப் போவதற்கு முன்னால் கிணற்றுத் தெருவுக்குக் குழாய் வந்தது. முதல் நாள் தண்ணீரைப் பார்த்து எழுதும் வேலை எனக்கு. கூட்டம் கலைந்த பிறகு பாப்பாத்தி அக்கா குடத்தோடு வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. குடம் நிறைந்தது. பிறகு என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"அன்னிக்கு நீங்க எழுதுனது அத்தனையும் நெசந்தானுங்களா?"

"நெசந்தானுங்கக்கா."

"அப்பறம் ஏஞ்சாமி, எங்களால அதை நம்ப முடியாதபடிக்கு பண்ணிப்போட்டீங்க?"

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தேவி உட்கார்ந்திருந்த வாசலைத் தாண்டி உள்ளே போனார்.

இப்போது வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நடத்தை விதி வகுப்பு எடுக்க என்னை எப்போதாவது கூப்பிடுவார்கள். "சார், உறவுன்னா எது வரைக்கும்? ஒண்ணுவிட்ட மாமன் சேருமா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். விதியில் அதற்குப் பட்டியல் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள் என்பேன். பட்டியல் பார்த்தால் நான் அன்று எழுதிய வரியில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதை எழுதும்போது சரோஜாவின் முகம் எனக்கு நினைவு வந்தது, தள்ளிவிட்டு எழுதினேன். உங்களுக்கும் அப்படி ஒரு முகம் நினைவு வந்தால் அங்கேயே பேனாவை மூடுங்கள் என்று முடிப்பேன். லஞ்சம் வாங்கினவன் மட்டும்தான் ஊரைக் கெடுப்பான் என்று நினைத்திருந்தேன். ஒரு காசு வாங்காமல், ரிப்போர்ட்டில் ஒரு வரி பொய் எழுதாமல், நான் கெடுத்தேன்.

அந்த நோட்ஷீட்டின் முதல் வரியை மனசுக்குள் எத்தனையோ தடவை திருத்தி எழுதிவிட்டேன். "ஆலைக்காரர் மகனுக்கு என் தங்கையைக் கொடுப்பதாக இருக்கிறோம், வேறு இன்ஸ்பெக்டரை அனுப்பவும்." இவ்வளவுதான். எழுத ஒரு நிமிஷம்கூட ஆகாது. தேவிக்கு இருபத்தொரு வயது.